பாடாத கேனரி

மஞ்சள் பறவை என்று விற்றார்கள். குளித்ததும் சாயம் போனது. மாட்டுங்கா வீட்டுக் கூண்டில் இருந்தது யார் என்று தெரிந்துகொள்ள தாராவிக்கும் செம்பூருக்கும் அலைய வேண்டியிருந்தது.

முதல் சந்தேகம் குளியலில் வந்தது. கூண்டுக்குள் வைத்த பீங்கான் கிண்ணத்தில் குருவி இறங்கி, சிறகை அடித்து, ஐந்து நிமிடம் ஆனந்தமாகக் குளித்தது. அது வெளியே வந்தபோது கிண்ணத்துத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. குருவி பழுப்பாக இருந்தது.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருப்பவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டடம் முழுக்க அவரை மாமா என்றுதான் கூப்பிடும். போன டிசம்பரில் சாலையோரம் கூண்டுகளோடு நின்ற ஒருவனிடம் அவர் இந்தக் குருவியை வாங்கினார். "கேனரி, வெளிநாட்டுச் சரக்கு, பத்து நாளில் பாட ஆரம்பிக்கும்" என்று சொல்லி விற்றானாம். மாமி போன பிறகு வீடு நிசப்தமாகிவிட்டது. காலையில் ஒரு பாட்டு கேட்டால் நன்றாக இருக்கும் என்று மாமாவுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று. குருவி அவ்வப்போது "ட்லிப்" என்று ஒரு சின்னச் சத்தம் போடும். அதோடு சரி.

"நீ பத்திரிகைக்காரன்தானே? இது என்ன பட்சின்னு விசாரிச்சுச் சொல்லேன்டா" என்றார் மாமா. "பாடலேன்னா பரவாயில்லை. யாருன்னாவது தெரியணுமோல்லியோ?"

விசாரிக்கும்போது முதலில் தெரியவந்தது, அந்த வியாபாரி ஏன் கேனரி என்று சொன்னான் என்பது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1990-91 வாக்கில் வந்த தடைகளும் சேர்ந்து, இந்தியாவில் இயற்கையாகத் திரியும் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் வைப்பதையும் குற்றமாக்கிவிட்டன. கேனரி, லவ் பேர்ட்ஸ் போலக் கூண்டிலேயே வளர்த்துப் பெருக்கப்படும் வெளிநாட்டுப் பறவைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆக, வலையில் பிடித்த காட்டுக் குருவிக்குச் சாயம் பூசி வெளிநாட்டுப் பெயர் வைத்தால் வியாபாரம் நடக்கும். சில்லைகளுக்குப் பச்சையும் சிவப்பும் பூசி விற்பது வட இந்தியச் சந்தைகளில் பழைய கதை.

ஆனால் சாயத்துக்குள் இருந்தது யார்?

செம்பூரில் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பைனாகுலரோடு மாஹுல் சேற்று நிலத்தில் ஃபிளமிங்கோ பார்க்கப் போகிறவர். சொன்னதும் மாட்டுங்காவுக்கே வந்துவிட்டார். கூண்டின் முன் நாற்காலி போட்டு, கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தார். பிறகு முதல் தீர்ப்பைச் சொன்னார்: "கேனரி இல்லை சார். அலகைப் பாருங்கள்."

விதை தின்னும் குருவிகளுக்கெல்லாம் கூம்பு போன்ற தடித்த அலகு உண்டு. இந்தக் குருவிக்கு மேல் அலகு சிறியது, கீழ் அலகு பெரியது. இரண்டும் சேரும் கோடு நேராக ஓடாமல், வாயின் ஓரத்தில் சட்டென்று கீழே வளைகிறது. பாக்குவெட்டி மாதிரி. இது பண்டிங் என்ற குடும்பத்தின் அடையாளம். தமிழில் தினைக்குருவி என்று வைத்துக்கொள்ளலாம்.

பண்டிங்குகளில் பல இனங்கள். ஐரோப்பியக் கையேடுகளில் மஞ்சள் பண்டிங் என்றதும் கண்ணில் படுவது யெல்லோஹேமர். இங்கிலாந்தின் வேலியோரங்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. ஆனால் அதன் வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை இறகு உண்டு, நெஞ்சிலும் விலாவிலும் கோடுகள் உண்டு. மாமா வீட்டுக் குருவி வாலை விரித்தபோது வெள்ளை இல்லை. வயிற்றில் கோடு இல்லை. வாலுக்கு அடியில் மட்டும் சாயம் போன பின்பும் போகாத மஞ்சள். அது அதன் சொந்த மஞ்சள்.

வாலில் வெள்ளை இல்லாத, வாலடியில் மஞ்சள் உள்ள பண்டிங், குளிர்காலத்தில், மேற்கு இந்தியாவில். டீச்சர் பட்டியலை இரண்டு பெயர்களுக்குச் சுருக்கிவிட்டார். கருந்தலைப் பண்டிங், செந்தலைப் பண்டிங்.

இரண்டுமே இங்கே பிறப்பதில்லை. கருந்தலை இத்தாலி, பால்கன் நாடுகள், கிரீஸ், துருக்கி தொடங்கி ஈரான் வரை கூடு கட்டுகிறது. செந்தலை அதற்குக் கிழக்கே, மத்திய ஆசியாவில். ஐரோப்பாவின் சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை குளிருக்குப் பயந்து ஆப்பிரிக்காவுக்கு ஓடும். கருந்தலை அப்படியல்ல. கிழக்கே திரும்பி, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் பக்கம் வந்து இறங்கும். பல்கேரியாவில் ஒரு திராட்சைத் தோட்ட வேலியில் பொரித்த குஞ்சு மகாராஷ்டிரத்தின் சோளக்காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. தூரம் ஒரு வழிக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர். எடை முப்பது கிராமுக்குள்.

இந்த ஐரோப்பியக் குருவிக்கு நம் சட்டத்தின் காவலும் உண்டு. பண்டிங்குகள் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவை. வியாபாரி ஒரு விதத்தில் பொய் சொல்லவில்லை. வெளிநாட்டுச் சரக்குதான்.

இரண்டில் எது என்பதில்தான் சிக்கல். இனப்பெருக்க காலத்து ஆண் என்றால் ஒரு குழந்தை கூடச் சொல்லிவிடும். கருந்தலை ஆணுக்குத் தலையில் கறுப்புக் குல்லாய், முதுகு செம்பழுப்பு, தொண்டையிலிருந்து வால் வரை பளீர் மஞ்சள். செந்தலை ஆணுக்குத் தலையும் நெஞ்சும் துருச் சிவப்பு, முதுகு பச்சை கலந்த மஞ்சள். ஐரோப்பியப் புத்தகங்களின் படங்கள் எல்லாம் இந்தக் கோலத்தில்தான். நம் ஊரில் இருக்கும் மாதங்களில் அந்தக் கோலம் மங்கிக் கிடக்கும். இங்கே வந்து முளைக்கும் புது இறகுகளின் நுனி வெளிறிய பழுப்பு. கறுப்பு அதற்கு அடியில் மறைந்திருக்கும். நாளாக ஆக நுனி தேய்ந்து உதிர, உள்ளே இருக்கும் நிறம் வெளியே வரும். கல்யாணப் பட்டை உள்ளே உடுத்தி, மேலே அழுக்குத் துண்டு போர்த்திக்கொண்டு பயணம் செய்கிறவன் மாதிரி.

பெண் பறவைகளும் இளம் பறவைகளும் இன்னும் மோசம். இரண்டு இனத்திலும் ஒரே சாம்பல் பழுப்பு. முதுகிலும் பிட்டத்திலும் செம்பழுப்புச் சாயல் தெரிந்தால் கருந்தலை, பிட்டம் பச்சை மஞ்சளாக இருந்தால் செந்தலை என்கிறார்கள் நிபுணர்கள். நல்ல வெளிச்சத்தில், நல்ல இறகில் அது சரி. கூண்டுக் கம்பியில் உராய்ந்து, சாயத்தில் ஊறிய இறகில்?

நிறம் கைவிட்டது. அடுத்தது தீனி.

வியாபாரி அரிசியும் பிஸ்கட் தூளும் போடச் சொல்லியிருந்தான். குருவி அதைக் கிளறி எறிந்ததே அதிகம். டீச்சரின் யோசனைப்படி நானும் மாமாவும் தாராவிக்குப் போனோம். 90 அடி ரோட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடை. ஊரில் கிடைக்கும் தானியம் எல்லாம் மூட்டையில் இருக்கும்.

"கம்பு, தினை, சோளம் எல்லாத்துலயும் கால் கிலோ குடுங்க அண்ணாச்சி."

"கூழ் காய்ச்சவா, பாயசத்துக்கா?"

"குருவிக்கு."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உமியோட உள்ள தினையாப் பாத்துப் போடுதேன். தீட்டினது குருவிக்கு ருசிக்காது. எங்க ஊர்க்காட்டுல பரண் போட்டு விரட்டின ஆளு நானு. எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது சரி. குருவி தினையை ஒவ்வொன்றாக எடுத்து, அலகின் ஓரத்தில் உருட்டி, உமியை ஒரு பக்கம் துப்பி, பருப்பை விழுங்கியது. சோளத்தை நசுக்கித் தின்றது. பண்டிங்கின் மேல் வாயில் ஒரு சின்ன மேடு உண்டு. கீழ் அலகு விதையை அதன்மேல் வைத்து நெரிக்கும். கோடையில் குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளியும் புழுவும் ஊட்டும் இந்தப் பறவை, குளிர்காலம் முழுக்கத் தானியத்தில் காலம் தள்ளுகிறது. இந்தியில் கருந்தலைக்கு வழங்கும் பெயர் கந்தம். பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்குக் கோதுமை என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பறவைக்குத் தனிப் பேரினம் வகுத்தவர்கள் வைத்த லத்தீன் பெயர் கிரானிவோரா அல்ல, கிரானாட்டிவோரா. தானியம் தின்னி என்றே அர்த்தம். விளைந்த வயலுக்கு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்; விரட்டினால் பக்கத்து மரத்தில் போய் உட்காரும்; மொட்டை மரம் மஞ்சளாகப் பூத்தது போலத் தெரியும்.

குருவி பசியாறியது. ஆனால் தீனியும் விடை சொல்லவில்லை. இரண்டு இனமும் ஒரே வயலில், சில சமயம் ஒரே கூட்டத்தில் மேய்கிறவை.

மூன்றாவது பாட்டு. கருந்தலை ஆண், கம்பியிலோ செடி உச்சியிலோ உட்கார்ந்து, விட்டு விட்டு இரண்டு மூன்று குறுகிய சுரங்களில் தொடங்கி, வேகம் கூட்டிக் கரகரப்பாக முடிக்கும். செந்தலையின் பாட்டும் ஏறக்குறைய அதே மெட்டு. அதுவும் ஐரோப்பாவில், மத்திய ஆசியாவில், மே மாதத்தில். இங்கே கேட்பதெல்லாம் அந்த "ட்லிப்"தான். பெண்ணாக இருந்தால் அந்தப் பாட்டும் இல்லை.

இத்தனைக்கும் இந்த இரண்டும் தங்களுக்குள்ளேயே வேறுபாட்டைக் கறாராக வைத்துக்கொள்வதில்லை. ஈரானில், காஸ்பியன் கடலின் தென்கிழக்குப் பக்கம், இரண்டின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் அவை கலந்து குஞ்சு பொரிக்கின்றன. பாதி கறுப்பு, பாதி சிவப்புத் தலையோடு ஆண்கள் அங்கே உண்டு.

பெயர் தெரியாத மஞ்சள் குருவி ஒன்று மும்பைக்காரர்களைப் படுத்துவது புதிதல்ல. சுமார் 1908-ல் கேத்வாடியில் ஒரு சிறுவன் தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டான். தொண்டையில் மஞ்சள் கறை இருந்தது. என்ன பறவை என்று கேட்க, மாமாவின் சிபாரிசுக் கடிதத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனான். செயலாளர் மில்லர்ட் என்ற ஆங்கிலேயர், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, இழுப்பறைகளைத் திறந்து பாடம் செய்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். அந்தச் சிறுவன் சாலிம் அலி. 1941-ல் 'இந்தியப் பறவைகள்' நூலையும், 1968 முதல் 1974 வரை அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிக் கையேட்டையும் எழுதியவர். கையேட்டின் கடைசித் தொகுதி பண்டிங்குகளோடு முடிகிறது.

1883-ல் தொடங்கிய சங்கம் இன்று கோட்டைப் பகுதியில் ஹார்ன்பில் ஹவுஸில் இருக்கிறது. அதன் சேகரிப்பில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் பாடம் செய்த உடல்கள். மாணவியாக இருந்தபோது டீச்சர் அந்தத் தட்டுகளைப் பார்த்திருக்கிறார். "கண்ணுக்குப் பதில் பஞ்சு. காலில் சீட்டு. ஆண்களைத் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம். பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, சீட்டைப் படிக்காமல் என்னால் சொல்ல முடியவில்லை."

"அப்ப கடைசி வரைக்கும் தெரியாதா?" என்றார் மாமா.

"ஒரு வழி இருக்கிறது. இது இளம் ஆணாக இருந்தால், மார்ச் வரை வைத்திருந்தால் தலை தானே நிறம் காட்டும். ஒருவேளை பாடவும் செய்யும்."

மாமாவின் முகம் மலர்ந்தது. டீச்சர் உடனே அதைத் தணித்தார். "மார்ச்சில்தான் இவை கிளம்புகின்றன."

அப்போதுதான் மாமா இன்னொன்றைச் சொன்னார். கொஞ்ச நாளாகக் குருவிக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. பதினோரு மணிக்கு மேல் கம்பிக்குக் கம்பி தாவுகிறது. சிறகை அடிக்கிறது. முன்பைவிடக் குண்டாகவும் தெரிகிறது.

டீச்சர் கூடத்து டியூப்லைட்டை நிமிர்ந்து பார்த்தார். "இதை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் சார்?"

"டி.வி. பாத்து முடிய பதினொண்ணு, பதினொண்ணரை ஆகும். கார்த்தால அஞ்சுக்கே போட்டுடுவேன்."

காரணம் அதுதான். இந்தப் பறவைகளுக்குக் காலண்டர் பகலின் நீளம். பகல் நீள ஆரம்பித்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று உடல் புரிந்துகொள்ளும். இந்த இரண்டு பண்டிங்குகளை வைத்தே பேராசிரியர் வினோத் குமாரும் அவருடைய மாணவர்களும் மீரட்டிலும் லக்னோவிலும் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பிடித்த பறவைகளுக்குச் செயற்கை விளக்கால் பகலை நீட்டினால், அவை கண்டபடி தின்று, தோலுக்கடியில் கொழுப்புச் சேர்த்து, இருபத்தைந்து கிராம் சொச்சத்திலிருந்து முப்பத்தைந்தைத் தாண்டும். இரவில் கூண்டுக்குள்ளேயே பறக்கத் தவிக்கும். மும்பையில் ஜனவரிப் பகல் ஏறக்குறைய பதினொரு மணி நேரம். மாமாவின் கூடத்தில் அது பதினெட்டு. தைப் பொங்கலுக்கே குருவிக்குச் சித்திரை வந்துவிட்டது.

மாமா அன்றிரவு எட்டு மணிக்கே கூண்டின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தினார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "ரயில்வேயில முப்பத்தஞ்சு வருஷம். பிளாட்பாரத்துல மூட்டை முடிச்சோட நிக்கறவனைப் பாத்தா எனக்குத் தெரியாதா? டிரெயின் வர நேரத்துல அவன் பேரைக் கேட்டுண்டு நிறுத்தி வைக்கப்படாது."

ஜன்னலைத் திறந்து விட்டுவிடலாம் என்று அவர் நினைத்தார். அது தப்பு. சிறகு வெட்டப்பட்டிருக்கலாம். நோய் இருக்கலாம். நகரத்து நடுவில் காகங்கள் ஒரு நிமிடம் விடாது. கூட்டமாக வாழும் பறவைக்குத் தன் கூட்டம் இருக்கும் புல்வெளி வேண்டும். இப்படிப்பட்ட பறவை கையில் வந்தால், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் அல்லது பறவைகளைக் கவனிக்கும் மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருப்பது மும்பைக்காரர்களுக்குத் தெரியும். கேஸ் போடுவார்களோ என்று மாமாவுக்கு ஒரு பயம் இருந்தது. தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தவரிடம் யாரும் கோபிக்கவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சிறகு இறகுகள் இரண்டு முறிந்திருந்தன, பறப்பதற்குத் தடையில்லை. பிப்ரவரி கடைசியில், கல்யாணுக்கு அப்பால் ஒரு புல்வெளியில் விட்டதாகத் தகவல் வந்தது.

ஒரு குருவிக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்கலாம். செந்தலைப் பண்டிங் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கூண்டுப் பறவையாக ஏராளமாக ஏற்றுமதியான காலம் உண்டு. பிரிட்டனில் யாராவது அதை வெளியில் பார்த்ததாகச் சொன்னால், கூண்டிலிருந்து தப்பியதாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிடுவார்கள். 1980-களில் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்ட பிறகு, அப்படிப் பார்த்ததாக வரும் தகவல்களும் குறைந்துபோயின.

இன்னொரு உறவினரின் கதை கசப்பானது. மஞ்சள் நெஞ்சுப் பண்டிங் ஒரு காலத்தில் பின்லாந்து முதல் ஜப்பான் வரை மலிந்து கிடந்தது. சீனாவில் உணவுக்காக வலை போட்டே பிடித்தார்கள். 1980-க்கும் 2013-க்கும் இடையில் அதன் எண்ணிக்கை 84 முதல் 95 சதவீதம் வரை சரிந்தது. 2017-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. கூட்டமாக வருவதாலேயே தீராது என்று நினைத்த பறவை. கருந்தலைக்கும் செந்தலைக்கும் இன்று அந்த ஆபத்து இல்லை. ஆனால் அவை நம்பி வரும் சோளக்காடுகளில் கணிசமானவை கரும்பும் சோயாவும் ஆகிவிட்டன. புல்வெளிகள் தரிசு என்ற பெயரில் மனைகளாகின்றன.

செம்பூர் டீச்சர் தன் நோட்டில் இந்தக் குருவியை எப்படிப் பதிந்தார் என்று கேட்டேன். காட்டினார். தேதி, மாட்டுங்கா, கூண்டு, ஒன்று. இனம் என்ற இடத்தில், "கருந்தலை அல்லது செந்தலை". பறவை பார்ப்பவர்கள் உலகெங்கும் கணக்குச் சேர்க்கும் இணையப் பதிவேட்டிலும் இதற்கென்றே இரண்டு பெயரும் சேர்ந்த ஒரு கட்டம் உண்டாம். "தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான் தெரிந்ததற்கு மதிப்பு" என்றார்.

மாமாவின் வீட்டில் கூண்டு இப்போது இல்லை. மிச்சமான தினையைப் பால்கனிச் சுவரில் தூவுகிறார். சிட்டுக்குருவிகள் வருகின்றன. தினமும் காலையில் ஒரே கூச்சல். யார் யார் என்று அவர் கேட்பதில்லை.